லீவு ஃப்ளைட்ல தைரியமா டிக்கெட் போடலாமா அக்கா? – வாசகர் கேள்வி பதில்

ஐரோப்பாவுல புதுசா கெளம்பற ஹாலிடே ஏர்லைன்ஸ் பத்தி கொஞ்ச நாளா நிறைய கடிதம் வருது. சம்மர் லீவுக்கு எல்லாரும் இப்பவே டிக்கெட் தேட ஆரம்பிச்சிட்டீங்க போல. அதனால இந்த தடவ முழுக்க அதுதான்.

பிராங்க்ஃபர்ட் வாசகி: அக்கா, மொரீஷியஸுக்கு டிக்கெட் தேடினா லுஃப்தான்சா வெப்சைட்லயே டிஸ்கவர் ஏர்லைன்ஸ்னு ஒண்ணு காட்டுது. அது லுஃப்தான்சாவா, வேற கம்பெனியா? அவ்ளோ பெரிய கம்பெனிக்கு எதுக்கு தனியா இன்னொண்ணு?

முதலாளி லுஃப்தான்சாதாம்மா, ஆனா லைசென்ஸ் தனி, பைலட் தனி, கேபின் க்ரூ தனி. 2021 ஜூலை 24ஆம் தேதி பிராங்க்ஃபர்ட்ல இருந்து மொம்பாசா போய் அங்கருந்து சான்சிபார் போனதுதான் அவங்களோட முதல் ஃப்ளைட். அப்ப பேரு யூரோவிங்ஸ் டிஸ்கவர், 2023 செப்டம்பர்லதான் வெறும் டிஸ்கவர் ஏர்லைன்ஸ் ஆச்சு. பிராங்க்ஃபர்ட், மியூனிக் ரெண்டு ஊர்ல இருந்தும் ஏ320, ஏ330 வச்சு ஓட்டறாங்க. லுஃப்தான்சா பயணிகளுக்கு குடுக்கற மைல்ஸ் அண்ட் மோர் பாயின்ட்டும் அதுல ஏறும், அதுல சந்தேகம் வேண்டாம்.

எதுக்கு தனின்னு கேட்டீங்கல்ல, அதுக்கு காரணம் யார் பறக்கறாங்கங்கறதுதான். ஆபீஸ் வேலையா போறவர் முந்தாநாள் டிக்கெட் எடுப்பார், விலைய கம்பெனி பாத்துக்கும், அவருக்கு தேவை காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. லீவுக்கு போற குடும்பம் ஆறு மாசம் முன்னாடியே எடுக்கும், நாலு பேருக்கு தலைக்கு 30 யூரோ வித்தியாசம்னாலும் வேற ஏர்லைன்ஸுக்கு மாறிடும், வாரத்துக்கு ரெண்டு ஃப்ளைட் இருந்தாலே அவங்களுக்கு போதும். இந்த ரெண்டாவது ஆளுங்கள வச்சு லாபம் பாக்கணும்னா செலவு கம்மியா இருக்கணும், பெரிய கம்பெனியில பல வருஷமா யூனியன் பேசி வாங்கின சம்பள ஒப்பந்தத்தோட அது கஷ்டம், அதனால தனி கம்பெனி, தனி சம்பளம். பைலட் யூனியன்கள் இத இன்னிக்கு வரைக்கும் எதிர்க்கறாங்க, அவங்க கோவத்துல நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கறேன். 2024 ஆகஸ்ட் கடைசியில டிஸ்கவர்ல நாலு நாள் ஸ்ட்ரைக் நடந்தது ஞாபகம் இருக்கும். ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க, ஏர்லைன்ஸோட சொந்த பைலட்டே ஸ்ட்ரைக் பண்ணா அது 'எங்க கை மீறின விஷயம்' ஆகாதுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2021ல தீர்ப்பு சொல்லிடுச்சு, அதனால அப்ப ஃப்ளைட் கேன்சலானா நஷ்டஈடு கேக்கலாம்.

இன்னொண்ணு, லீவு விமானம்ங்கறதே ஒண்ணும் புதுசில்ல. 1950லயே லண்டன்ல இருந்து கோர்சிகா தீவுல இருக்கற கால்விக்கு, தங்கற கூடாரம் சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு சார்ட்டர் ஃப்ளைட்ல கூட்டிட்டு போனாங்க. காண்டோர்ங்கற ஜெர்மன் லீவு ஏர்லைன்ஸ் 1956ல முதல்ல ஏத்திட்டு போனது புனித பூமிக்கு போன யாத்ரீகர்கள.

மியூனிக் வாசகர்: புது ஏர்லைன்ஸ்னாலே வீட்டம்மா பயப்படறாங்க. பழைய கம்பெனி அளவுக்கு பாதுகாப்பா இருக்குமா?

பறக்கற பாதுகாப்ப பத்தி பயம் வேண்டாம்னு சொல்லுங்க. ஐரோப்பிய லைசென்ஸ் வாங்கின எந்த ஏர்லைன்ஸா இருந்தாலும், நேத்து ஆரம்பிச்சதா இருந்தாலும் 70 வருஷ கம்பெனியா இருந்தாலும், பைலட் ட்ரெயினிங், மெயின்டனன்ஸ், ரெஸ்ட் டைம் எல்லாத்துக்கும் ஒரே ரூல்தான். ஏஓசின்னு சொல்ற ஆபரேட்டர் சர்டிபிகேட் கைக்கு வராம ஒரு பயணியக்கூட ஏத்த முடியாது. பைலட்டுகளும் பெரும்பாலும் வேற கம்பெனியில ஓட்டிட்டு வந்தவங்கதான்.

சில பேருக்கு லைசென்ஸ் எந்த நாட்டோடதுன்னு பாத்து சந்தேகம் வரும். மியூனிக்ல இருந்து பறக்கற மராபு 2023ல ஆரம்பிச்சது, எஸ்டோனியா லைசென்ஸ். எஸ்டோனியா கம்பெனி எப்படி ஜெர்மனியில இருந்து கிரீஸுக்கு ஓட்டுதுன்னு கேக்காதீங்க, ஐரோப்பிய யூனியன்ல ஒரு நாட்டு லைசென்ஸ் இருந்தா எந்த நாட்டுக்குள்ளயும் எந்த ரூட்லயும் ஓட்டலாம், 1997ல இருந்தே அப்படித்தான்.

பணம் விஷயம்தான் வேற. புது ஏர்லைன்ஸ் லைசென்ஸ் வாங்கறப்ப 24 மாசத்துக்கு கடன் பொறுப்பு எல்லாத்தையும் சமாளிப்போம்னும், வருமானமே வராம 3 மாசம் செலவ தாங்குவோம்னும் கணக்கு காட்டணும். ரூல் நல்ல ரூல்தான், ஆனா 3 மாசம்ங்கறது ஒரு குளிர்காலத்துக்கே பத்தாது. அது ஏன்னு அடுத்த பதில்ல சொல்றேன்.

பெர்லின் வாசகி: மயோர்காவுக்கு ஃப்ளைட் தனியா ஹோட்டல் தனியா போட்டா 140 யூரோ மிச்சமாகுது. வீட்டுக்காரர் பேக்கேஜே போடலாம்ங்கறார், எனக்கு அது வீண் செலவா தெரியுது. நீங்க சொல்லுங்க அக்கா.

நான் உங்க வீட்டுக்காரர் பக்கம்தாம்மா, அதுவும் ஏர்லைன்ஸ் புதுசா இருந்தா கண்டிப்பா அவர் பக்கம். கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

லீவு ஏர்லைன்ஸ் எப்படி பொழைக்குதுன்னு பாருங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஒவ்வொரு விமானமும் விடியக்காலை அஞ்சு மணிக்கு கெளம்பி நடுராத்திரி வரைக்கும் பால்மா, அந்தால்யா, ஹெராக்லியோன்னு போய் வந்துட்டே இருக்கும், சீட் காலியே இருக்காது. நவம்பர் வந்தா கேனரி தீவும் எகிப்தும் விட்டா பெருசா போக இடம் இல்ல, பாதி விமானம் சும்மா நிக்கும், ஆனா லீஸ் வாடகை நிக்காது, சம்பளம் நிக்காது. ஆக சம்மர்ல வந்த காசுதான் குளிர்காலத்துக்கு சாப்பாடு. அதுலயும் நீங்க ஜனவரியில கட்டற காசு இருக்கு பாருங்க, ஆகஸ்ட்ல பறக்கப்போற டிக்கெட்டுக்கு, அது அன்னிக்கே அவங்க கைக்கு போயிடும், அத வச்சுதான் குளிர்காலத்து பில்ல கட்டுவாங்க. டிக்கெட் காசு முழுசையும் புக்கிங் அன்னிக்கே வாங்கறது சரிதான்னு ஜெர்மனியோட உச்ச நீதிமன்றம் 2016ல சொல்லிடுச்சு. ஆக நீங்க ஒரு ஏர்லைன்ஸுக்கு ஏழு மாசம் வட்டி இல்லாம கடன் குடுக்கறீங்க, ஜாமீன் எதுவும் இல்லாம.

விழுந்த கம்பெனிங்க எந்த மாசத்துல விழுந்துச்சுன்னு வரிசையா பாத்தா உங்களுக்கே புரியும். மோனார்க் 2017 அக்டோபர் 2. ப்ரைமெரா ஏர் 2018 அக்டோபர் ஆரம்பம். தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23. ஜெர்மானியா 2019 பிப்ரவரி. சம்மர் காசு வந்து முடிஞ்ச உடனேயோ இல்ல அது தீர்ந்துபோன நடுக்குளிர்லயோதான் விழுது. இத பாத்ததுல இருந்து நான் செப்டம்பர் கடைசி, அக்டோபர் பயணத்துக்கு தனி டிக்கெட் எடுக்கறதே இல்ல.

இப்ப பேக்கேஜுக்கு வருவோம். ஃப்ளைட்டும் ஹோட்டலும் ஒரே இடத்துல ஒரே புக்கிங்ல வாங்கினா ஐரோப்பிய சட்டப்படி அது பேக்கேஜ், வித்தவர் திவாலானா கட்டின காசு திரும்ப வரணும், ஊர்ல மாட்டிக்கிட்டா திரும்ப கூட்டிட்டு வரணும், அதுக்கு முன்கூட்டியே காப்பு போட்டு வச்சிருக்கணும். ஏர்லைன்ஸ் மட்டும் விழுந்தா டூர் கம்பெனிதான் உங்களுக்கு வேற ஃப்ளைட் தேடணும், அது அவங்க தலைவலி. ஜெர்மானியா நின்ன ராத்திரி பேக்கேஜ்ல போனவங்கள டூர் கம்பெனி பாத்துக்கிச்சு, தனி டிக்கெட் எடுத்தவங்க சொந்தக்காசுல வேற டிக்கெட் வாங்கிதான் திரும்பினாங்க. மத்த ஏர்லைன்ஸ் சலுகை விலையில குடுத்தாங்க, அது அவங்க நல்ல மனசு, சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்ல.

பேக்கேஜ்லயும் ஓட்டை இருந்துச்சு, அதையும் மறைக்காம சொல்லணும். தாமஸ் குக் விழுந்தப்ப ஜெர்மனியில காப்பீட்டு கம்பெனி ஒரு வருஷத்துக்கு 110 மில்லியன் யூரோ வரைக்கும்தான் குடுக்கணும்னு சட்டத்துலயே வரம்பு இருந்துச்சு, ஜனங்களோட காசு அத விட எவ்வளவோ அதிகம், மீதிய அரசாங்கம் ஏத்துக்க வேண்டியதா போச்சு. அதுக்கப்புறம்தான் 2021ல தனியா ஒரு பாதுகாப்பு நிதி ஆரம்பிச்சாங்க. 2024 ஜூன்ல எஃப்டிஐ டூர் கம்பெனி திவாலானப்ப அதுக்கு முதல் பெரிய பரீட்சை, பேக்கேஜ் போட்டவங்களுக்கு அந்த நிதியில இருந்துதான் காசு திரும்ப வந்துச்சு. அதே எஃப்டிஐகிட்ட வெறும் ஹோட்டல் மட்டும் வாங்கினவங்க அந்த நிதிக்குள்ள வரல. ஒரே கம்பெனி, ஒரே நாள் திவால், வாங்கின விதம்தான் வேற.

நீங்க செய்ய வேண்டியது என்னன்னா, காசு கட்டறதுக்கு முன்னாடி 'சிஹெருங்ஸ்ஷைன்', அதாவது கம்பெனி திவாலானா காசு திரும்ப வரும்ங்கற காப்பு சான்றிதழ், கைக்கு வந்துச்சான்னு பாருங்க, அது இல்லாம அட்வான்ஸ் கேக்கவே கூடாது. அப்புறம் ஃப்ளைட் புக் பண்ணி முடிச்சதும் 'ஹோட்டலும் வேணுமா'ன்னு ஒரு லிங்க் வரும், அதுல போய் வாங்கினா அது முழு பேக்கேஜ் ஆகாம போக வாய்ப்பு இருக்கு, சட்டத்துல அதுக்கு வேற பேரு, பாதுகாப்பும் கம்மி. அப்படியும் தனி டிக்கெட்தான்னா கிரெடிட் கார்டுல கட்டுங்க, கம்பெனி விழுந்தா பேங்க்ல சார்ஜ்பேக், அதாவது கார்டுல கட்டின காச திரும்ப எடுத்து தரச்சொல்லி, கேட்டு பாக்கலாம், நேரா அக்கவுன்ட்ல இருந்து அனுப்பின காசுக்கு அந்த வழியும் இல்ல.

140 யூரோ பெரிய காசுதான், தெரியும். ஆனா நாலு பேரோட ஒரு தீவுல நின்னுக்கிட்டு அன்னிக்கு ராத்திரி விலையில நாலு டிக்கெட் வாங்கறத நினைச்சு பாருங்க.

ஹம்பர்க் வாசகர்: டிக்கெட்ல ஒரு பேரு, ஏர்போர்ட்ல வந்து நின்ன விமானத்துல வேற நாட்டு பேரு. இது ஏமாத்து வேலையா?

எனக்கே நடந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி ஹெராக்லியோன் போறப்ப கேட்ல வெள்ளை வெளேர்னு பேரே இல்லாத விமானம் வந்து நின்னுச்சு, என் சின்ன பொண்ணு 'அம்மா இது நம்ம ப்ளேன் இல்ல'ன்னு ஏற மாட்டேன்னுட்டா. முன்கூட்டியே காசு கட்டி வச்ச சீட் நம்பர் அந்த விமானத்துலயே இல்ல, சாப்பாடும் வரல, கேட்டா க்ரூவுக்கு ஒண்ணும் தெரியல, அவங்க வேற கம்பெனி. அன்னிக்கு வந்த கோவம் இன்னும் போகல.

ஆனா ஏமாத்து வேலைன்னு சொல்ல முடியாது, இதுக்கு பேரு வெட் லீஸ். விமானம், பைலட், க்ரூ, மெயின்டனன்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் சேர்த்து இன்னொரு கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுக்கறது. புது ஏர்லைன்ஸ் சம்மர்ல இத நிறைய செய்யும், ஏன்னா மூணு மாசத்துக்காக விமானம் வாங்கி ஒம்போது மாசம் நிறுத்தி வைக்க கட்டுப்படி ஆகாது. யார் ஓட்டறாங்கன்னு புக்கிங்லயே சொல்லணும், பின்னால மாறினா உடனே தெரியப்படுத்தணும், இது 2005ல இருந்து ஐரோப்பிய சட்டம். நம்ம டிக்கெட்ல சின்ன எழுத்துல 'ஆபரேட்டட் பை'ன்னு இருக்கும், அத யாரும் படிக்கறதில்ல, நானும் அன்னிக்கு படிக்கல.

லேட் ஆனா யார்கிட்ட கேக்கறதுங்கறதுதான் முக்கியம். விமானத்த வாடகைக்கு விட்ட கம்பெனிகிட்ட போகாதீங்க, அந்த ஃப்ளைட்ட திட்டம் போட்டு நடத்தின ஏர்லைன்ஸ்தான் பொறுப்புன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2018ல தீர்ப்பு குடுத்துடுச்சு. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உங்கள அலைய விட்டா இத எழுதி அனுப்புங்க. சீட்டுக்கு தனியா கட்டின காசையும் திரும்ப கேளுங்க, நான் கேட்டேன், மூணு மாசம் கழிச்சு வந்துச்சு.

கொலோன் வாசகர்: அந்தால்யால இருந்து திரும்பி வரும்போது ஃப்ளைட் 5 மணி நேரம் லேட். 400 யூரோ கிடைக்கும்னு ஃப்ரெண்ட் சொன்னார். ஏர்லைன்ஸ்ல கிடையாதுன்னு பதில் வந்துச்சு. யார் சொல்றது சரி?

ஏர்லைன்ஸ் பேர நீங்க எழுதல, அதனால ரெண்டு விதமாவும் சொல்றேன். ஃப்ளைட் லேட், கேன்சலுக்கு நஷ்டஈடு தரச்சொல்ற ஐரோப்பிய சட்டத்துக்கு நம்பர் 261, அது ஐரோப்பிய யூனியன்ல இருந்து கெளம்பற எல்லா ஃப்ளைட்டுக்கும் உண்டு, எந்த நாட்டு ஏர்லைன்ஸா இருந்தாலும். வெளி நாட்டுல இருந்து யூனியனுக்குள்ள வர்ற ஃப்ளைட்டுக்கு ஏர்லைன்ஸ் ஐரோப்பிய லைசென்ஸ் வச்சிருந்தா மட்டும்தான். அந்தால்யா துருக்கி, யூனியனுக்கு வெளிய. ஆக நீங்க வந்தது ஜெர்மன் ஏர்லைன்ஸ்னா உங்க ஃப்ரெண்ட் சொன்னது சரி, 1500ல இருந்து 3500 கிலோமீட்டர் தூரத்துக்கு தலைக்கு 400 யூரோ. துருக்கி லைசென்ஸ் ஏர்லைன்ஸ்னா ஐரோப்பிய சட்டம் உதவாது, அதுல பாதி பங்கு ஜெர்மன் கம்பெனியோடதா இருந்தாலும் சரி. அதே ஏர்லைன்ஸ்ல போகும்போது லேட் ஆகியிருந்தா கிடைச்சிருக்கும், கொலோன்ல இருந்து கெளம்பறதால. ரிட்டர்ன் டிக்கெட்ல இந்த வித்தியாசம் இருக்குன்னு யாருமே சொல்றதில்ல.

ஜெர்மன் ஏர்லைன்ஸா இருந்து 'டெக்னிக்கல் ப்ராப்ளம்'னு காரணம் சொல்லியிருந்தா விடாதீங்க, விமானத்துல சாதாரணமா வர்ற ரிப்பேர் அவங்க பொறுப்புதான். புயல், ஏர் ட்ராஃபிக் கன்ட்ரோல் ஸ்ட்ரைக்னா கிடைக்காது, அப்பவும் சாப்பாடும் தேவைப்பட்டா ஹோட்டலும் குடுத்தாகணும். எழுதி ரெண்டு மாசமாச்சு, பதிலே வரல, இல்லாட்டி வந்த பதில் சரியில்லன்னா பயணிகளுக்கான சமரச அமைப்புக்கு போங்க, நமக்கு காசு செலவில்ல. ஜெர்மனியில மூணு வருஷம் டைம் இருக்கு, அதுவும் அந்த வருஷக் கடைசியில இருந்து கணக்கு.

இனிமே புக் பண்றப்ப காலைல முதல் ஃப்ளைட்ட எடுங்க. ஒரே விமானம் நாள் முழுக்க நாலு தடவ பறக்குது, காலைல விட்ட அரை மணி நேரம் ராத்திரிக்குள்ள மூணு மணி நேரமாயிடும். பிராங்க்ஃபர்ட்ல ராத்திரி 11ல இருந்து காலைல 5 வரைக்கும் ஃப்ளைட்டுக்கு தடை வேற இருக்கு, ரொம்ப லேட்டான கடைசி ஃப்ளைட் வேற ஊர்ல போய் எறங்கும், அங்கருந்து பஸ்தான்.

டோர்ட்முண்ட் வாசகி: இந்திய பாஸ்போர்ட், ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு. லீவு ஃப்ளைட்ல எங்க வேணாலும் போலாமா?

ஸ்பெயின், கிரீஸ், போர்ச்சுகல், இத்தாலி, 2023ல இருந்து குரோஷியா, 2025 ஜனவரியில இருந்து பல்கேரியாவும், எல்லாம் ஷெங்கன், அதாவது நாட்டுக்கு நாடு தனி விசா கேக்காத ஐரோப்பிய பகுதி, பாஸ்போர்ட்டும் கார்டும் கையில இருந்தா போதும். துருக்கி, எகிப்து, துனிசியா ஷெங்கன் இல்ல, அந்தந்த நாட்டு ரூல் தனி, அந்த தூதரக வெப்சைட்ல பாத்துட்டு அப்புறம் காசு கட்டுங்க. செக்-இன்ல விசா சரியில்லன்னு நிறுத்தினா டிக்கெட் காசு போனதுதான், பேக்கேஜா இருந்தாலும் காப்பாத்தாது. கார்டு காலாவதி தேதியையும் பாருங்க, திரும்பி வர்ற தேதிக்கு முன்னாடி முடியுதுன்னா பயணத்த தள்ளி வைங்க.

சூரிச் வாசகர்: அக்கா, டிசம்பர் லீவுக்கு பிள்ளையளோட கேனரி தீவுக்கு போகலாம் எண்டு யோசிக்கிறம். சூரிச்சில இருந்து நேர ஃப்ளைட் கனக்க இருக்கு. எந்த தீவு நல்லது? கடல்ல குளிக்கலாமோ?

போயிட்டு வாங்க, டிசம்பருக்கு அத விட நல்ல இடம் நாலஞ்சு மணி நேர ஃப்ளைட் தூரத்துல வேற இல்ல. பகல்ல 20 டிகிரி சுத்தி இருக்கும், கடல் தண்ணி கொஞ்சம் குளிர்தான், பிள்ளைங்க இறங்கிடுவாங்க, நாம கரையில உக்காந்துப்போம். அதனால சூடு பண்ணின நீச்சல் குளம் இருக்கற ஹோட்டலா பாருங்க, குளிர்காலத்துக்கு அதுதான் முக்கியம்.

ஃபூர்டெவென்டுரா மணல் அழகு, ஆனா காத்து ஜாஸ்தி, சின்ன பிள்ளைங்க கண்ணுல மணல் அடிக்கும். லான்சரோட்டேல எரிமலை பாறைங்கள பாக்க ரெண்டு நாள் போதும். பிள்ளைங்களோட முதல் தடவன்னா நான் டெனெரிஃபேதான் சொல்வேன், ஏன்னா ஒரே தீவுல எல்லாம் இருக்கு, நடுவுல 3715 மீட்டர் உயரத்துக்கு டெய்டே எரிமலை நிக்குது, ஸ்பெயின்லயே உயரமான மலை அது, குளிர்காலத்துல உச்சியில பனி இருக்கும், கீழ கடற்கரையில வெயில். அந்த மலைதான் தீவ ரெண்டா பிரிக்குது. வடக்குல இருந்து வர்ற காத்து மேகத்த கொண்டு வந்து மலையில முட்ட விடுது, அதனால வடக்கு பச்சை பசேல்னு மேகமா இருக்கும், தெற்கு காஞ்சு வெயிலா இருக்கும். டிசம்பர்ல வெயிலுக்காக போறீங்கன்னா தெற்குலதான் தங்கணும், ஹோட்டல் போட்டோவ பாத்து வடக்குல போட்டுட்டு ஒரு வாரம் மேகத்த பாத்துட்டு வந்தவங்க எனக்கே தெரிஞ்சு ரெண்டு குடும்பம்.

ஏர்போர்ட்டும் ரெண்டு இருக்கு, டிக்கெட்ல டிஎஃப்எஸ்னா தெற்கு, டிஎஃப்என்னா வடக்கு. மாட்ரிட்ல மாறி போற டிக்கெட் சிலது வடக்குல கொண்டு போய் எறக்கும், அங்கருந்து தெற்கு கடற்கரைக்கு ஒரு மணி நேரம் கார்ல போகணும், ராத்திரி பிள்ளைங்கள வச்சுக்கிட்டு கஷ்டம். டிஎஃப்எஸ்க்கு நேர ஃப்ளைட்டா பாத்து எடுங்க. மணி அங்க சூரிச்ச விட ஒரு மணி நேரம் பின்னாடி, அதனால முதல் நாள் பிள்ளைங்க விடியக்காலையிலயே எழுந்து உக்காந்துக்கும்.